சிரட்டைப் பாலில் இருவகைச் செல்கள்

உயிரினங்களின் செல்கள் இருவகைப்படும். சவ்வு சூழ்ந்த உட்கரு கொண்டது யூகேரியோட்டிக் செல். அது இல்லாதது புரோகேரியோட்டிக் செல். தாவரம், விலங்கு, பூஞ்சை ஆகியவை முதல் வகை. பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் இரண்டாம் வகை. குலசேகரம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் இவ்விரண்டையும் சேர்த்தே காணலாம்.

ரப்பர் மரப்பட்டையிலுள்ள பால்குழல்கள், செல்கள் வரிசையாக இணைந்து இடைச்சுவர் கரைந்ததால் உருவானவை. பால்வெட்டின்போது வடியும் பால் அச்செல்களின் சைட்டோபிளாசமே. அதில் ரப்பர் துகள்களும், ரைபோசோம்களும், லூட்டாய்டு எனும் சவ்வுப்பைகளும் மிதக்கின்றன. வெட்டுவாயில் லூட்டாய்டுகள் உடையும்போது வெளிப்படும் பொருள்கள் ரப்பர் துகள்களைத் திரளச் செய்து துளையை அடைக்கின்றன. பால் சொட்டுவது நிற்கிறது. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் குழலின் சுவரோரமே தங்கிவிடுவதால் புதிய பால் மீண்டும் ஊறுகிறது. இப்படி ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சவ்வறை இருப்பது யூகேரியோட்டிக் செல்லின் சிறப்பு.

பட்டையிலும் சிரட்டையிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் வடிந்த பாலில் கலந்து, அதிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் கூடினால் பால் தானாக உறையும். அதைத் தடுக்கவே பாலில் அம்மோனியா சேர்க்கிறார்கள். ஷீட் அடிப்பதற்கோ ஃபார்மிக் அமிலம் ஊற்றி வேண்டுமென்றே உறைய வைக்கிறார்கள்.

பாக்டீரியா பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் நீளமே இருக்கும். தாவர, விலங்குச் செல்கள் பொதுவாக 10 முதல் 100 மைக்ரோமீட்டர். பாக்டீரியாவின் டிஎன்ஏ பெரும்பாலும் ஒரே வளையமாகச் சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும். ரப்பர் மரத்தின் டிஎன்ஏ 36 குரோமோசோம்களாக உட்கருவுக்குள் இருக்கிறது. பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைக்கானால் ஆனது. தாவரச் செல்லின் சுவர் செல்லுலோசால் ஆனது. பாக்டீரியா இரண்டாகப் பிளந்து பெருகும். மரத்தின் செல்கள் மைட்டாசிஸ் முறையில் குரோமோசோம்களைச் சமமாகப் பங்கிட்டுப் பிரியும்.

புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இருவகைச் செல்லிலும் உண்டு. பாக்டீரியாவில் அது 70எஸ் வகை. யூகேரியோட்டிக் சைட்டோபிளாசத்தில் 80எஸ் வகை. மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் தனி டிஎன்ஏவும் பாக்டீரியாவை ஒத்த ரைபோசோமும் இருக்கின்றன. பழங்காலத்தில் வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கிய பாக்டீரியாக்களே இவையாக மாறின என்ற கருத்தை லின் மார்குலிஸ் 1967இல் விரிவாக முன்வைத்தார். இன்று அது ஏற்கப்பட்டுள்ளது.

இந்த வேறுபாடு மருந்திலும் தெரியும். ஸ்ட்ரெப்டோமைசின் 70எஸ் ரைபோசோமைத் தாக்கிப் பாக்டீரியாவை அழிக்கிறது. ரப்பர் இலையில் சாம்பல் நோயை உண்டாக்கும் பூஞ்சையோ மரத்தைப் போலவே யூகேரியோட். அதனிடம் அம்மருந்து பலிக்காது. அந்த நோய்க்குக் கந்தகத் தூள் தூவுகிறார்கள்.