அகத்தியில் மஞ்சள் பட்டாம்பூச்சி: மருந்து தெளிக்கும் முன் முட்டையைப் பாருங்கள்

மழை பெய்து ஓய்ந்ததும் பேரையூர் பக்கத்து வரப்புகளில், ஈர மண்ணில் கூட்டமாக உட்காரும் சிறிய மஞ்சள் பட்டாம்பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவையே அகத்தியைச் சுற்றிப் பறந்தால், 'புழு வைக்க வந்துவிட்டது' என்று உடனே மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள்.

மஞ்சளில் பல வகை உண்டு. சமவெளியில் நாம் அதிகம் பார்ப்பது யூரிமா ஹெகாபே. இதற்கு அகத்தி, தக்கைப்பூண்டு போன்ற செடிகளின் தழை உணவு. பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ இதன் புழுவால் கெடுதல் இல்லை. மழைக்காலத்தில் இறக்கை ஓரம் அகலமாகக் கறுத்திருக்கும். கோடையில் அந்தக் கறுப்பு குறைந்து, அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சி ஒன்றேதான், வேறு வகை வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இதைப் போலவே இருக்கும் யூரிமா பிளாண்டா, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் அதிகம். முன் இறக்கையின் அடியில், உடலை ஒட்டிய பகுதியில் ஹெகாபேக்கு 2 சிறு புள்ளிகள், பிளாண்டாவுக்கு 3. பறக்கிற பூச்சியில் இதை எண்ணுவது ஆகிற காரியமல்ல. தழையைப் புரட்டிப் பார்ப்பதே சுலபம்.

ஹெகாபே ஒவ்வொரு முட்டையாகத் தள்ளித் தள்ளி வைக்கும். புழு முழுப் பச்சை, தலையும் பச்சை. பிளாண்டா கொத்துக் கொத்தாக முட்டை வைக்கும். வளர்ந்த புழுவின் தலை கறுப்பாக இருக்கும். புழுக்கள் ஒன்றாகவே மேய்வதால், வாகை, கொன்றை வகை நாற்றுகளில் தழை முழுவதும் போய் ஈர்க்கு மட்டும் மிஞ்சலாம். நாற்று வாங்கும்போது தழையின் இரு பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள்.

வளர்ந்த அகத்தியில் பச்சைப் புழு சில இருந்தால் விட்டுவிடுங்கள். மரம் மறுபடி துளிர்க்கும். சிறு குளவிகளும் பறவைகளும் புழுவைக் குறைத்துவிடும். ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற, நாமும் கீரையாகச் சமைக்கிற தழை அது. அதில் பூச்சிமருந்து தெளித்தால், புழுவைவிட மருந்துதான் பெரிய கெடுதல். தக்கைப்பூண்டு எப்படியும் பூக்கும் பருவத்தில் மடக்கி உழப்போவது, அதற்கும் செலவு வேண்டாம்.

நாற்றில் முட்டைக் கொத்து தெரிந்தால் அந்த இலையை மட்டும் கிள்ளி நசுக்குங்கள். புழு பரவியிருந்தால் அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.