காதுக்கு எட்டாத கச்சேரி

'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். மழை விட்டதுமே குளத்தங்கரையில் கத்தித் தீர்த்து, தானிருக்கும் இடத்தைப் பாம்புக்குக் காட்டிக் கொடுத்துவிடும் அல்லவா? ஆனால் போர்னியோத் தீவின் காடுகளில் ஒரு தவளை இருக்கிறது. சில வேளைகளில் அது நம் எதிரிலேயே உட்கார்ந்து குரலெடுத்துக் கத்தினாலும் நமக்கு ஒன்றுமே கேட்காது!

'ஹூயா காவிடிம்பானம்' என்பது அதன் பெயர். சாதாரணத் தவளைக்குக் கண்ணின் பின்னால், தோலோடு தோலாகச் செவிப்பறை தெரியும். இதற்கோ அது குழிக்குள் அமைந்திருக்கிறது. லண்டன் விஞ்ஞானி பூலாஞ்சே இந்தத் தவளையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது 1893-ல். காதில் ஏன் இந்தக் குழி? விடை கிடைக்க நூறு வருஷங்களுக்கு மேல் ஆயிற்று.

2006-ல், காது குழிந்த சீனத் தவளை ஒன்று மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைப் பயன்படுத்துவது தெரிய வந்தது. உடனே ஆராய்ச்சியாளர்களின் கவனம் போர்னியோவின் பக்கம் திரும்பியது. சராவாக்கிலுள்ள குனுங் முலு வனத்தில், இரவில், ஓடைக்கரையில் கருவிகளை வைத்துப் பதிவு செய்தார்கள்.

மனிதனுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பெரும்பாலான தவளைகளுக்கு 12,000-க்கு மேல் கேட்காது. இந்தத் தவளையின் குரல்களில் சிலவோ முழுக்க முழுக்க 20,000-க்கு மேற்பட்டவை! அந்த ஒலியை மட்டும் ஒலிபரப்பியபோது, ஆண் தவளைகள் முன்னிலும் அதிகமாகக் குரல் கொடுத்தன. அவற்றின் காது 38,000 வரை கேட்கிறது என்று 2009-ல் அறிவித்தார்கள்.

எதற்காக இந்த ஏற்பாடு? பாறைகளில் மோதி விழும் ஓடையின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. சந்தைக் கூச்சலில் பேச வேண்டியவர் குரலை உயர்த்துவார். இந்தத் தவளையோ சுருதியையே உயர்த்திவிட்டது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

இதன் தலைப்பிரட்டையும் ஓடைக்கென்றே பிறந்தது. வயிற்றிலுள்ள உறிஞ்சியால் பாறையைப் பற்றிக்கொண்டு, வெள்ளம் அடித்துச் செல்லாமல் பாசியைச் சுரண்டித் தின்னும். மேலே மரங்களை வெட்டினால் மழையில் மண் கரைந்து ஓடையில் இறங்கும். கல்லின் மேல் சேறு படிந்தால், பிடிப்பும் போயிற்று, உணவும் போயிற்று!

காக்கை கரையாவிட்டால் 'ஏன் காணோம்?' என்று தேடுவோம். ஆனால் காதில் விழாத கச்சேரி ஒரு நாள் நின்றுபோனால், அது நின்றதே நமக்குத் தெரியாதே!