மட்டாஞ்சேரியில் மலையாளம் பேசிய கஜல்

எது கன்ட்ரி இசை என்ற சண்டை அமெரிக்காவில் ஓய்ந்தபாடில்லை. லில் நாஸ் எக்ஸ், ராப்பைக் கலந்து பாடிய 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை 2019இல் பில்போர்டு இதழ் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025இல் பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருது பெற்றபோதும் அதே விவாதம். கொச்சியின் மட்டாஞ்சேரியிலும் அப்படியொரு கேள்வி உண்டு: மலையாளத்தில் பாடினால் அது கஜலா?

கஜல் அடிப்படையில் ஒரு கவிதை வடிவம். ஈரடி ஈரடியாக நகரும். ஒவ்வொன்றும் தனித்துப் பொருள் தரும். ஒரே சொல் முடிவில் மீண்டும் மீண்டும் வரும்; அது ரதீஃப். அதற்கு முன் வரும் இயைபு காஃபியா.

உருதுவில் வளர்ந்த கஜல், அந்த மொழிக்கு மண்ணே இல்லாத கேரளத்துக்கு வந்தது துறைமுகத்தால்தான். கச்சி மேமன்கள், குஜராத்திகள், தக்னி முஸ்லிம்கள், கொங்கணிகள், யூதர்கள், தமிழர்கள் எல்லோரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த ஊர் மட்டாஞ்சேரி. கல்யாண வீட்டில் ஹார்மோனியமும் தபலாவும் வைத்து இந்திப் பாட்டு, கவாலி, மாப்பிளப்பாட்டு என்று எல்லாம் பாடுவார்கள். வந்திருப்பவர்கள் பல மொழிக்காரர்கள். பாடகருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். அங்கே கலப்பு என்பது பிழைப்பின் தேவை.

அந்தக் கல்யாண வீடுகளில் உருவான பாடகர் மெஹபூப். 1954இல் 'நீலக்குயில்' மலையாளப் படத்துக்காக இசையமைப்பாளர் கே. ராகவன் நாட்டுப்புற மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தபோது, இந்திப் பாட்டில் ஊறிய இந்தக் குரலும் அதில் பாடியது.

பாடகர் உம்பாயி இன்னும் ஒரு படி போனார். இயற்பெயர் இப்ராகிம். மும்பையில் இந்துஸ்தானி கற்றுத் திரும்பியவர், கவிஞர்கள் ஓ.என்.வி. குறுப்பு, சச்சிதானந்தன் ஆகியோரின் வரிகளைக் கஜல் பாணியில் பாடினார்; பழைய மலையாளத் திரைப்பாடல்களையும் வேகம் குறைத்து அதே பாணியில் பாடினார். 2018 ஆகஸ்டில் காலமானார்.

மலையாளக் கஜல்கள் பலவற்றில் ரதீஃபும் காஃபியாவும் இலக்கணப்படி இருக்காது. வடிவத்தில் பிடிவாதம் உள்ளவர்களின் குறை அது, நியாயமான குறைதான். ஆனால், ஒரு வரியை அவசரமின்றித் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு ஸ்வரத்தில் அதன் வலியைத் திறந்து காட்டுவதும் கஜல்தான். உம்பாயியைக் கேட்டபின் எனக்கு அதில் சந்தேகமில்லை. தமிழில் கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' தொகுப்பில் கஜலை எழுத்து வழியாகக் கொண்டுவந்தார். மட்டாஞ்சேரி அதைத் தொண்டை வழியாகக் கொண்டுவந்தது.