அணைந்து போகும் புதுக் கம்ப்யூட்டர்: நல்லதண்ணியில் ஒரு கணக்கு

ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் என்றால், அது 111 முழுப்பேர், அதாவது தோட்டத்தில் 111 நாள் முழுச் சம்பளம். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் வந்த, அன்றைய 1,350 ரூபாய் நாட்சம்பளத்தால் வகுத்த கணக்கு இது. பிடிப்பனவு போகக் கைக்கு வருவதை வைத்துப் பார்த்தால் நாட்கள் இன்னும் கூடும். அப்படி வாங்கிய பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்தால், 15,000 ரூபாய்க்கு ஒரு பாகத்தை ஊகத்தில் மாற்றச் சொல்லும் ஆலோசனைதான் முதலில் வருகிறது. அந்த ஊகம் தவறினால் இன்னும் 11 பேர் போய்விடும். பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த காசில் அது நடக்கவே கூடாது.

முதல் சோதனைக்கு ஒரு சதமும் வேண்டாம். விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' பதிவில் 41 என்ற எண்ணைத் தேடுங்கள். ஒழுங்காக மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோன ஒவ்வொரு முறையும் அது பதிவாகும். அதன் விவரத்தில் 'பக்செக் கோட்' என்ற வரி உண்டு. அங்கே 0 என்று இருந்தால், பிழையை எழுதிவைக்க விண்டோஸுக்கு நேரமே கிடைக்கவில்லை. கரண்ட் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். 26 என்றால் பெரும்பாலும் ரேம். 292 என்றால் ஏதோ ஒரு வன்பொருள் தானே பிழையைச் சொல்லியிருக்கிறது.

வெப்பத்தை நம் நல்லதண்ணியில் கடைசியாகச் சந்தேகிக்கலாம். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 11 சதவீதம் குறைவு. மின்விசிறி அவ்வளவுக்குக் குறைவாகக் குளிர்விக்கும். ஆனால் அதே உயரம் கடல்மட்டத்தைவிட 7, 8 பாகை கூடுதல் குளிரையும் தருகிறது.

கரண்ட் கதை வேறு. மவுஸ்ஸாக்கலைத் தண்ணீரில் ஓடும் கென்யன் மின்நிலையம் 60 மெகாவாட் திறனுள்ளது. அது பக்கத்தில் இருப்பதால் லயத்து ப்ளக்கில் 230 வோல்ட் வந்துவிடாது. இலங்கையில் அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 6 சதவீதம், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. வீட்டுக்குள் நடப்பது அதற்கு மேல். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்திருந்தால், போக வர 100 மீட்டருக்குத் தடை சுமார் 1.2 ஓம். அதே கம்பியில் 2,000 வாட் கேத்தலைப் போட்டால் ஏறக்குறைய 10 வோல்ட் விழும். 216 வந்த வீட்டில் அப்போது 206தான்.

நல்ல பவர் சப்ளைக்கு 206 ஒரு பொருட்டல்ல. உள்ளே வோல்டேஜைச் சமன்செய்யும் ஆக்டிவ் பி.எஃப்.சி. இல்லாத மலிவு ரகத்துக்குத்தான் அது வினை. அதன் கொள்ளளவியில் நிற்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இலிருந்து 200க்கு இறங்கினால் கையிருப்பில் கால்வாசி போய்விடும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓர் அலைக்கு 20 மில்லி செக்கன். ஏ.டி.எக்ஸ். 3.0 விதிப்படி தயாரான பவர் சப்ளைகூட, கரண்ட் அறுந்தபின் 80 சதவீதச் சுமையில் 17 மில்லி செக்கன்தான் தாங்க வேண்டும். முழுச் சுமையில் 12. பல்பு ஒரு தரம் கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறதே, காரணம் இதுதான். மாலையில் ரைஸ் குக்கரும் கேத்தலும் சேர்ந்து ஓடும் நேரத்திலும், ஊர்ச் சுமை கூடும் சிவனொளிபாதமலைப் பருவகால இரவுகளிலும், விஷயம் தெரிந்த மின் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு ப்ளக்கை அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். எர்த் இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

ப்ளக்கில் குறையில்லை என்றால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். பவர் சப்ளை ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்பாமல், 12 வோல்ட் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். ரைசன் 5 5600 உச்சத்தில் 76 வாட் இழுக்கும், ஆர்.டி.எக்ஸ். 3060 கார்ட் 170 வாட். மற்றவற்றுக்கு 50 வைத்தால் 296. ஸ்டிக்கரில் 25 ஆம்பியர் என்று இருந்தால் அது 300 வாட்தான்; மிச்சம் 4 வாட், அது போதாது. அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட்.

ரேமுக்கும் காசில்லாத சோதனை உண்டு. டி.டி.ஆர். 4 ரேமின் இயல்பு மின்னழுத்தம் 1.2 வோல்ட். எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போட்டால் பெரும்பாலும் 1.35க்கு ஏறி, வேகமும் கூடுகிறது. பயோஸில் அதை அணைத்துப் பாருங்கள். பிறகு மெம்டெஸ்ட்86இன் இலவசப் பதிப்பை ஓர் இரவு, 4 சுற்று ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒவ்வொரு ரேமாகத் தனியே சோதிக்க வேண்டும்.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்புகள் சிலவற்றில் பிழை சிப்பிலேயே இருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட், சிப் கேட்கும் வோல்டேஜை 1.55க்குள் கட்டியது; பாதிப்புக்குள்ளாகும் மாதிரிகளின் உத்தரவாதம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. அந்த மைக்ரோகோட் வரும் பயோஸ் புதுப்பிப்பும் இலவசம்தான். ஆனால் நடுவில் கரண்ட் போனால் மதர்போடே செத்துவிடலாம், யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள்.

காசு போட்டே ஆக வேண்டுமென்றால், என் கணக்கில் முதலில் வருவது கம்பியும் எர்த்தும். அடுத்தது, 10 மில்லி செக்கனுக்குள் மாறும் லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். இரண்டுக்கும் பிறகும் அணைந்தால், எழுதிவைத்த வோல்ட், 41இன் விவரம், மெம்டெஸ்ட் முடிவு மூன்றையும் பெட்டியோடு வாங்கிய கடைக்கே கொண்டுபோய், உத்தரவாதத்தில் மாற்றித் தரக் கேளுங்கள்.