இருதய நாடியிசிவு

இருதயமானது உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் உறுப்பேயாயினும், தன் அறைகளில் நிறைந்த இரத்தத்தினின்று தன் போஷணையைப் பெரும்பாலும் பெறுவதில்லை. பெருநாடியின் அடியிற் பிரியும் இரு கிளைகள் முடிபோல் அதனைச் சூழ்ந்து சென்று, அதன் தசைக்கு உணவூட்டுகின்றன. முடியுரு நாடிகள் எனப்படுவன இவையே. இவற்றுட் கொழுப்புப் படிந்து வழி குறுகுதலால் மாரடைப்பு உண்டாகுமென்பதை யாவரும் அறிவர். அத்தகைய அடைப்பு இல்லாதவிடத்தும், நாடிச்சுவரிலுள்ள தசையே திடீரெனச் சுருங்கி இரத்தவோட்டத்தைத் தடுத்தல் உண்டென்பதைப் பலர் அறியார். அவ்விசிவைப் பற்றியே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

1768ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் மார்நோவின் இலக்கணத்தைத் தெளிவாய் எடுத்துரைத்தபோது, அது சடுதியில் தோன்றிச் சடுதியில் மறைதலை நோக்கி, ஒருவகை இசிவாயிருக்கலாமென்றே கருதினார். பின்வந்தோர் இறந்தோருடலை அறுத்துச் சோதித்தனர், அடைப்புகளைக் கண்டனர். இசிவோ உயிரோடு தோன்றி உயிரோடு மறைவது. பிணத்தில் அதன் சுவடு தங்காது. ஆதலின் அவ்வெண்ணம் நெடுங்காலம் பெரும்பாலோரால் மதிக்கப்படவில்லை. 1959இல் அமெரிக்க வைத்தியர் மைரன் பிரின்ஸ்மெட்டல், உழைக்கும்போதன்றி ஓய்ந்திருக்கும்போது வரும் நோவைத் தனியே பிரித்துக்காட்டி, நாடி சிறிதுபொழுது இறுகுதலே அதற்குக் காரணமாகலாமென்றார். 1970க்குப் பின்னர், நாடிகளுட் சாயஞ்செலுத்தி எக்ஸ்ரே படமெடுக்கும் முறையால், நோவெழும் தறுவாயிலேயே நாடி இறுகுதலை வைத்தியர் கண்ணாரக் கண்டனர்.

நாடி இவ்வாறு இறுகுவதேன்? நாடியின் உட்புறத்தைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வை வெறும் உறையென்றே முன்னர் எண்ணியிருந்தனர். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்பார் முயலின் பெருநாடித் துண்டுகளைக்கொண்டு செய்த சோதனை அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அசிட்டைல்கோலின் என்னும் பொருள், சவ்வு பழுதுறாத துண்டை விரியச் செய்தது. சவ்வை உரசி நீக்கிய துண்டையோ சுருங்கச் செய்தது. சவ்வானது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அச்சவ்வு நலங்குன்றி, தசையும் அளவுக்கு மிஞ்சிய கூருணர்ச்சி கொள்ளுமிடத்து, அற்பமான தூண்டுதலும் இசிவை எழுப்பவல்லது. புகைபிடித்தலே இதற்கு முதற்பகை. கடுங்குளிர், மனக்கொதிப்பு, கொக்கெயின், ஒற்றைத்தலைவலிக்கு வழங்கும் சில மருந்துகள் ஆகியனவும் இதனைத் தூண்டும். ஐரோப்பியரினும் ஜப்பானியரிடத்து இந்நோய் மிகுதி.

நோயாளியின் நிலையே இரங்கத்தக்கது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே நெஞ்சைப் பிழியும் நோவு எழுந்து சில நிமிடத்தில் தணிகின்றது. காலையில் மருத்துவமனை சென்றால் மின்வரைபடத்தில் குறையில்லை, நாடிப்படத்திலும் அடைப்பில்லை. ‘உமக்கு நோயொன்றுமில்லை, மனக்கவலையே’ என்று அனுப்பப்படுவோர் பலர். இது பெருந்தவறென்பது நம் துணிபு. நீடித்த இசிவு மாரடைப்பையும், துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துத் திடீர் மரணத்தையும் விளைக்கக்கூடும். ஐயமுள்ளவிடத்து, வசதிமிக்க மருத்துவமனைகளில் அதே அசிட்டைல்கோலினை முடியுரு நாடியுட் செலுத்தி, தக்க காவலோடு இசிவை வரவழைத்துச் சோதிக்கின்றனர்.

நோவெழுந்தவுடன் நாவின்கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின், உடலுள் நைட்ரிக் ஆக்ஸைடாய் மாறி நாடியைத் தளர்த்துகிறது. இப்பொருளினின்று டைனமைட் வெடிமருந்தை ஆக்கிய ஆல்ஃபிரட் நோபலுக்கே இறுதிக்காலத்தில் வைத்தியர் இதனை விதித்தனர். 1998இல் அவர் பெயராலாகிய பரிசு, நைட்ரிக் ஆக்ஸைடு ஆராய்ச்சிக்காக ஃபர்ச்காட் உள்ளிட்ட மூவர்க்குக் கிடைத்தது!

இசிவு வாராது தடுப்பதற்கு டில்டியாஸெம், நிஃபெடிபின் போன்றவற்றை நாடோறும் கொடுக்கின்றனர். தசை சுருங்குதற்குக் கால்சியம் அதனுட் புகவேண்டும். அவ்வாயிலை இவை அடைக்கின்றன. ஏனைய மார்நோவுக்குப் பயன்படும் புரொப்பிரனலால் இங்குத் தீங்கு செய்தலுங்கூடும். ஆதலின் நோயைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. நலமடைந்தோமென்று மருந்தைத் தாமே சடுதியில் நிறுத்துதலும் ஆகாது. இசிவு வலிதாய் மீளலாம். நைட்ரோகிளிசரின் தொழிற்சாலையில் வாரமெல்லாம் அதனோடு பழகி உழைத்தோர் சிலர்க்கு, அப்பழக்கம் நின்ற விடுமுறை நாட்களில், நாடியடைப்பின்றியே மார்நோவு கண்டதை அமெரிக்க வைத்தியர் 1972இல் எழுதியுள்ளனர்.