பொங்கல் முடிந்தும் பிந்தும் சூரியன்

ஆண்டிலேயே பகல் மிகக் குறைவான நாள் டிசம்பர் 21 அல்லது 22. அப்படியானால் சூரியன் மிகவும் பிந்தி உதிப்பதும் அன்றைக்குத்தானே? சென்னைக்கான உதய நேரங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள், வியப்பாக இருக்கும். டிசம்பர் 21-இல் உதயம் காலை சுமார் 6.26. பொங்கல் வந்து போகிறது. உதயமோ இன்னும் பிந்திக்கொண்டே போய், ஜனவரி நான்காம் வாரத்தில்தான் 6.36-ஐத் தொடுகிறது! மாலையில் இதற்கு நேர்மாறு. சூரியன் மிக முந்தி மறைவது நவம்பர் மூன்றாம் வாரத்தில், 5.39 வாக்கில். அதாவது டிசம்பர் முழுவதும் உதயமும் பிந்துகிறது, மறைவும் பிந்துகிறது.

ஏன்? சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நகர்வதுதான் காரணம். ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை சரியாக 24 மணி நேரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய அரை நிமிடம் கூடுதல். பூமியின் பாதை சரியான வட்டம் அல்ல. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அப்போது அது தன் பாதையில் விரைந்து ஓடும். அப்படி முன்னே போய்விடுவதால், மறுபடி சூரியனுக்கு நேராக வர இன்னும் கொஞ்சம் சுழல வேண்டியிருக்கிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும் அந்த மாதத்தில் இதே பக்கம்தான் தள்ளுகிறது. பகலின் நீளமோ அந்த நாட்களில் அதிகம் மாறுவதில்லை. எனவே உச்சிப்பொழுது நகர, உதயமும் மறைவும் அதனுடனே நகர்கின்றன. சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கு உச்சிக்கு வரும் சூரியன், பிப்ரவரி நடுவில் 12.23-க்குத்தான் வருகிறது. வெயிலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்து வந்தால் இதை நீங்களே பார்க்கலாம்.

ஊர் மாறினால் நேரமும் மாறும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். சென்னைக்கு மூன்று பாகைக்குச் சற்று மேலாக மேற்கே இருக்கும் கோயம்புத்தூரில் உச்சிப்பொழுது சுமார் 13 நிமிடம் கழித்தே வரும். கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில் இருப்பதால், அங்கே பகல் நீளம் ஆண்டு முழுவதும் குறைவாகவே மாறும். ஆகவே நாள்காட்டியில் உதய நேரம் பார்க்கும்போது, அது எந்த ஊருக்கானது என்றும் பாருங்கள்.

இன்னொரு விந்தை: கடற்கரையில் சூரியனின் மேல் விளிம்பு எட்டிப் பார்க்கும் கணத்தில், உண்மையில் முழுச் சூரியனும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது! காற்று மண்டலம் ஒளியை வளைத்து நமக்குக் காட்டுகிறது. மறைந்த பிறகும் உடனே இருட்டுவதில்லை. சூரியன் 6 பாகை கீழே இறங்கும் வரை விளக்கில்லாமல் வெளியே விளையாடலாம். சென்னையில் அது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். 18 பாகை இறங்கினால்தான் முழு இருட்டு. லண்டனில் ஜூன் மாத நள்ளிரவில்கூட சூரியன் அவ்வளவு ஆழம் இறங்காது.

நிலாவின் கணக்கு வேறு. அது நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் பிந்தி உதிக்கும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையில் உதிக்கும் நிலா, ஒரு வாரத்தில் நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். திங்கள் இரவு 11.40-க்கு உதித்தால், அடுத்த உதயம் புதன் அதிகாலை 12.30-க்கு. செவ்வாய்க்கிழமையில் நிலா உதயமே இல்லை!