நிலத்தை உயிர்ப்பித்தல்: பிக்ஹின் ஒரு சொல்லும் இயற்கை விவசாயமும்

இஸ்லாமிய சட்ட நூல்களில் 'இஹ்யாஉல் மவாத்' என்றோர் அத்தியாயம் உண்டு. எவருக்கும் உரித்தில்லாத தரிசு நிலத்தைப் பண்படுத்துபவர் அதற்கு எவ்வாறு உரிமையாளராகிறார் என்பதே அதன் பேசுபொருள். சொத்துரிமைச் சட்டத்தின் ஒரு கிளையாகவே நமது மத்ரஸாக்களில் இது கற்பிக்கப்படுகிறது; மாணவர்களும் அவ்வளவோடு அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால், அந்த அத்தியாயத்தின் பெயரிலேயே சற்று நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. 'மவாத்' என்பது உயிரற்றது. 'இஹ்யா' என்பது உயிர்கொடுத்தல். பாழ்நிலத்தைக் குறிக்க அரபு மொழியில் வேறு சொற்கள் இல்லாமலில்லை. எனினும், இறந்த நிலமொன்றை உயிர்ப்பித்தவருக்கே அது உரியதாகும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மொழிந்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). சட்டமும் அச்சொற்களையே தன் கலைச்சொற்களாக எடுத்துக்கொண்டது. நிலம் இறக்கக்கூடியது, உயிர்பெறவும் கூடியது என்பது அப்பெயரிலேயே பொதிந்திருக்கிறது.

அண்மைக்கால இயற்கை விவசாய இயக்கங்கள் 'உயிருள்ள மண்' என்று பேசும்போது, முஸ்லிம்களிடையே இருவகையான எதிர்வினைகள் எழுவதை நாம் காண்கிறோம். ஒரு சாரார் அதில் இயற்கை வழிபாட்டின் வாடையை நுகர்ந்து விலகிக்கொள்கின்றனர். மறுசாரார், "இதுவெல்லாம் நமது மார்க்கத்தில் ஏற்கெனவே உள்ளதுதான்" என்று கூறி அவ்வியக்கங்கள் சொல்லும் அனைத்தையும் அப்படியே தலையில் ஏற்றிக்கொள்கின்றனர். இரண்டும் அவசரமான முடிவுகள் என்பதே நமது கருத்து.

முதலில் அல்குர்ஆனின் பார்வையை நோக்குவோம். இறந்த பூமி ஓர் அத்தாட்சி என்றும், அதனை உயிர்ப்பித்து அதிலிருந்து தானியத்தை வெளிப்படுத்துபவன் அல்லாஹ்வே என்றும் ஸூரா யாஸீனின் 33ஆம் வசனம் கூறுகிறது. மழைக்கு முந்திய பூமியின் நிலையை இரு இடங்களில் இரு வேறு சொற்களால் அது வர்ணிப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஸூரா அல்ஹஜ்ஜின் 5ஆம் வசனம் அதனை 'ஹாமிதா', அதாவது அசைவற்று அடங்கிக் கிடப்பது என்கிறது. ஸூரா புஸ்ஸிலத்தின் 39ஆம் வசனமோ 'காஷிஆ' என்கிறது. தொழுகையில் நாம் வேண்டி நிற்கும் 'குஷூஉ', உள்ளச்சம், இதே வேரிலிருந்து பிறந்த சொல்லாகும். முதல் வசனம் மரணத்தையும் மறுமை எழுப்புதலையும் பேசும் சந்தர்ப்பத்தில் வருவதாகவும், இரண்டாவது வசனம் வணக்கத்தையும் ஸுஜூதையும் பேசும் சந்தர்ப்பத்தில் வருவதாகவும், சொல் தேர்வு அதற்கேற்ப மாறியதாகவும் ஷஹீத் ஸையித் குத்ப் 'அத்தஸ்வீருல் பன்னீ பில் குர்ஆன்' எனும் நூலில் விளக்கினார். பூமி இங்கு கடவுளுமல்ல, வெறும் சடப்பொருளுமல்ல. பணிந்து நிற்கும் ஒரு படைப்பு அது. அந்நாளில் தன் செய்திகளை அறிவிக்கப்போகும் சாட்சியும் அதுவே (99:4). 'பூமித்தாய்' என்ற வழக்கைக் கண்டு கலங்குவோர், அதனை மறுக்கும் வேகத்தில் மண்ணை உயிரற்ற தளமாகக் கருதும் மறுகோடிக்குப் போய்விடலாகாது.

இனி சட்டத்திற்கு வருவோம். நிலத்தைச் சுற்றி வேலியிடுவதோ எல்லைக்கல் நடுவதோ இஹ்யா ஆகாது என்பது இமாம்களின் பொதுவான நிலைப்பாடு. அது 'தஹ்ஜீர்' மாத்திரமே. அவ்வாறு அடைத்து வைத்தவர் மூன்றாண்டுகளுக்குள் அதனை உயிர்ப்பிக்கவில்லையெனில் அவரது முன்னுரிமை அற்றுப்போகும் என்பது உமர் (ரழி) அவர்களின் தீர்ப்பு. பிலால் இப்னுல் ஹாரிஸ் அல்முஸனீ (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அகீக் பள்ளத்தாக்கில் வழங்கியிருந்த நிலத்தையே, அவர் பயிரிட இயலாதிருந்த பகுதியைப் பொறுத்தவரையில், உமர் (ரழி) மீளப்பெற்று ஏனையோருக்குப் பங்கிட்ட செய்தியை யஹ்யா இப்னு ஆதம், அபூ உபைத் ஆகியோரின் நூல்களில் காணலாம். நபியின் கொடையாயினும், உயிர்ப்பிக்கும் கடமை அதிலிருந்து நீங்கிவிடவில்லை.

இதற்கடுத்த கேள்வியே நமக்கு மிக முக்கியமானது. ஒருவர் உயிர்ப்பித்த நிலம் பின்னர் கைவிடப்பட்டு மீண்டும் இறந்துபோனால், அது யாருடையது? இமாம்களான ஷாபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகியோரிடத்தில் அது முதலாமவருடையதாகவே நீடிக்கும். உரிமை ஒருமுறை நிலைபெற்றால் தரிசாகிவிட்டதால் மட்டும் அது நீங்காது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, அது பழைய நிலைக்கே திரும்பிவிட்டதாகவும், வேறொருவர் அதனை உயிர்ப்பித்தால் அவருக்கே சொந்தமாகும் என்றும் கருதினார். உயிரினால் வந்த உரிமை உயிரோடு போய்விடுகிறது என்பதே இக்கருத்தின் உள்ளார்ந்த தர்க்கம்.

இரு தரப்பினரும் கற்பனை செய்தது கைவிடப்பட்ட நிலத்தைத்தான். ஆண்டுதோறும் பயிராகி, மேலே பசுமையாகக் காட்சியளித்துக்கொண்டே கீழே இறந்துகொண்டிருக்கும் நிலமொன்று அவர்களின் காலத்தில் அரிதாகவே இருந்திருக்கும். அவ்வாறான மண் ஓரிரு பருவங்களிலேயே விளைச்சலைக் குறைத்து உழவனுக்கு உண்மையைச் சொல்லிவிடும். காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கும் முறையை 1909இல் ஹாபர் செயல்படுத்திக் காட்டி, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அதற்கான முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பின்னரே, மண்ணின் நிலையை மறைத்துக்கொண்டு விளைச்சலைத் தொடர்ந்து பெறுவது பெருமளவில் சாத்தியமாயிற்று. அந்த உரம் கோடிக்கணக்கானோரைப் பசியிலிருந்து காத்தது என்பதையும் நீதியாக ஒப்புக்கொள்ள வேண்டும். மறைத்தல், காத்தல் இரண்டும் அதே மூட்டைக்குள்தான் இருந்தன.

மண்ணின் உயிர் என்பது உவமை அல்ல. வளமான மண்ணின் ஒரு மேசைக்கரண்டிக்குள் உலக மக்கள்தொகையைவிட அதிகமான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பயிர்களின் வேரோடு இணைந்து வாழும் பூஞ்சணங்கள் வேரிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொண்டு, வேர் எட்டாத தொலைவிலிருந்து பொசுபரசைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பொசுபேற்றுப் பசளை தாராளமாகக் கிடைக்கும்போது பயிர் அந்த உறவைத் தளர்த்திக்கொள்கிறது. ஓயாத உழவு அப்பூஞ்சண இழைகளை அறுத்துவிடுகிறது. உலக மண்வளத்தின் மூன்றிலொரு பங்கு சீர்கெட்டிருப்பதாக ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2015இல் அறிவித்தது.

இந்த உயிர்ச்செயலின் ஒரு பகுதியை நமது பிக்ஹ் வேறொரு வாசல் வழியாக நன்கு அறிந்திருந்தது. நஜீஸான எருவைப் பயிருக்கு இடலாமா என்ற விவாதத்தையே இங்கு குறிப்பிடுகிறோம். ஹன்பலி மத்ஹபில் கடுமையான போக்கு உண்டு. அசுத்தத்தால் வளர்ந்த பயிர் தூய நீரால் பாய்ச்சப்படும்வரை விலக்கப்படும் என்பர். பெரும்பாலானோர் அனுமதித்தனர். நஜீஸ் வேறொரு பொருளாக உருமாறிவிட்டால் சட்டமும் மாறும் எனும் 'இஸ்திஹாலா' கோட்பாடு அவர்களுக்குத் துணைநின்றது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) தமது நிலத்திற்கு மனித எருவைத் தாமே சுமந்து சென்றதாகவும், ஒரு கூடை எருவை ஒரு கூடை கோதுமைக்கு நிகராகக் கணித்ததாகவும் இப்னு குதாமா 'அல்முஃனீ'யில் எடுத்துக் காட்டுகிறார். பாரசீகத்தை வென்ற தளபதியின் தலையில் எருக்கூடை! கூட்டெரு தயாரிப்பதை இழிவாகக் கருதும் நமது படித்த இளைஞர்கள் இச்செய்தியை ஒருமுறை வாசிப்பது நல்லது. நீரில்லாதபோது தயம்மும் செய்ய நாம் கைவைப்பதும் இந்த மண்ணிலேயே என்பதை நினைவுகூர்ந்தால், அசுத்தத்தை வாங்கித் தூய்மையாக்கித் தருவது மண்ணின் இயல்பு என்ற புரிதல் இச்சட்டங்களுக்கிடையே ஓடுவதை உணரலாம்.

இப்புரிதல் ஒரு முழு அறிவுத்துறையாகச் செழித்தது அந்தலூஸியாவில்தான். தொலைதோவின் ஆட்சியாளர் அல்மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றிய இப்னு பஸ்ஸால் 11ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்தார். பிறர் கூற்றுக்களை மேற்கோள் காட்டாது, கண்டதையும் செய்ததையும் மட்டுமே எழுதியவர் அவர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செவில்லியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் பிலாஹா'வை மண்ணிலிருந்தே தொடங்குகிறார். அடுத்து எரு, அதற்கடுத்து நீர். மண்ணைப் பார்த்தும், முகர்ந்தும், ஊறவைத்த நீரைச் சுவைத்தும் அறியும் முறைகள் அத்துறையில் வழங்கின. புத்தெரு பயிருக்குத் தீங்கு, நாட்பட்டு முதிர்ந்ததே நன்மை என்பதில் அவர்கள் கறாராக இருந்தனர். மரம் நடுவோர், பயிரிடுவோர் பற்றிய நபிமொழிகளோடு நூலைத் தொடங்கும் அதே இப்னுல் அவ்வாம், தாம் பலமுறை சோதித்தறியாத எதனையும் தமது கருத்தாக எழுதவில்லை என்றும் உறுதிகூறுகிறார். நபிமொழி அவருக்கு நிய்யத்தைத் தந்தது. சோதனை, முறையைத் தந்தது. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

இந்த வேறுபாட்டை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. ஜப்பானின் ஷிகொகு தீவைச் சேர்ந்த மஸனோபு புகுவோகா (1913-2008) உழாமல், பசளையிடாமல், களைநாசினி தெளிக்காமல் நெல்லும் பார்லியும் விளைவித்துக் காட்டியவர். 1975இல் வெளிவந்த அவரது நூல் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற பெயரில் தமிழிலும் பரவலாக வாசிக்கப்பட்டது. விவசாயத்தை ஆன்மிகப் பயிற்சியாகவே அவர் கண்டார். ஆயினும், அவரது தொடக்கம் ஒரு தோல்வி. இயற்கையை அதன் போக்கில் விடவேண்டும் என்ற ஞானம் தோன்றியதும் தந்தையின் தோடம்பழத் தோட்டத்தைக் கத்தரிக்காமல் விட்டார். கிளைகள் பின்னிப் பூச்சிகள் தாக்கி மரங்கள் மடிந்தன. மனிதக் கையால் வடிவம் பெற்ற மரத்தைத் திடீரெனக் கைவிடுவது இயற்கை விவசாயம் அல்ல, வெறும் கைவிடல் என்பதை அவரே வெளிப்படையாக எழுதினார்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள பேரீச்சை மகரந்தச் சேர்க்கை பற்றிய ஹதீஸ் இங்கு தவிர்க்க முடியாமல் நினைவுக்கு வருகிறது. மதீனாவாசிகள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்ப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைச் செய்யாவிட்டாலும் நலமாயிருக்கலாம் என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். அவர்கள் விட்டுவிட்டனர், விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியபோது, உலக விவகாரங்களில் தங்களைவிட அவர்களே நன்கறிந்தவர்கள் என்ற பொருள்பட நபியவர்கள் கூறினார்கள். மண்ணையும் மரத்தையும் பற்றிய அறிவு, அவற்றோடு வாழ்பவரின் அனுபவத்தில் தங்கியுள்ளது என்பதற்கு இதனைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. தூய நோக்கம் அந்த அனுபவத்தை ஈடுசெய்யாது.

இலங்கையர் இதற்குப் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொள்ள நேர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலினால் தடுக்கப்பட்டது. சேதனப் பசளை போதியளவு இல்லை. மாறுவதற்குக் கால அவகாசமும் இல்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. 2022இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழ்ச்சியடைந்தது. அம்பாறை மாவட்ட விவசாயிகளுட்பட நாடெங்கும் பலர் கடனாளிகளாயினர். 'சேதனம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மனநிலை இன்றும் வயற்கரைகளில் உண்டு. பல தசாப்தங்களாக யூரியாவுக்குப் பழகிய மண்ணிலிருந்து அதனை ஒரே போகத்தில் பறிப்பது, கத்தரித்து வளர்த்த மரத்தைக் கைவிட்ட புகுவோகாவின் முதல் தவறைத் தேசிய அளவில் செய்ததாகும். அவர் பரிசோதித்தது தந்தையின் தோட்டத்தில். இங்கோ ஏழை விவசாயியின் அடுப்பில். ஆனால், அத்தோல்வி மண் இறந்துகொண்டிருக்கிறது என்ற உண்மையைப் பொய்யாக்கிவிடவில்லை. தரிசு நிலத்தை உயிர்ப்பிக்க உமர் (ரழி) மூன்றாண்டுகள் தவணை கொடுத்தார்கள் என்பதை மட்டும் இங்கு சுட்டிக்காட்டுகிறோம்.

எங்கிருந்து தொடங்குவது? வைக்கோலிலிருந்து தொடங்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. புகுவோகா தமது முறையின் மையமாகக் கொண்டது, அறுவடையான வைக்கோலை முழுமையாக வயலுக்கே திருப்பிப் பரப்புவதைத்தான். முஸாரஆ எனும் பங்குப் பயிர்ச்செய்கை ஒப்பந்தத்தில் வைக்கோல் யாருக்கு என்பதை ஹனபி சட்ட நூல்கள் நுணுக்கமாக ஆராய்கின்றன. ஒப்பந்தத்தில் அதுபற்றி எதுவும் பேசப்படாதவிடத்து அது விதை கொடுத்தவருக்கே சேரும் என்பது ஒரு கருத்து; பல்க் பிரதேச அறிஞர்களோ, வழக்காற்றை அனுசரித்து அதுவும் தானியம் போலப் பங்கிடப்படும் என்றனர். அக்காலத்தில் வைக்கோல் கால்நடைத் தீனியாகவும் கட்டுமானப் பொருளாகவும் பெறுமதி பெற்றிருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே கொட்டிச் செல்லும் வைக்கோலை, அடுத்த உழவுக்கு இடையூறென்று பலர் தீயிட்டுவிடுகின்றனர். ஒரு போகத்திற்கு மாத்திரம் குத்தகைக்கு எடுத்தவருக்கு அதனை மக்கவிட்டுக் காத்திருக்க எந்த நியாயமுமில்லை. அதன் பயனை அடுத்த குத்தகைக்காரரே அனுபவிப்பார். காணிச் சொந்தக்காரரோ நகரில் இருந்துகொண்டு ஏக்கருக்கு இத்தனை மூடை என்பதை மட்டும் கேட்பவர். எனவே, குத்தகைக் காலத்தைக் குறைந்தது மூன்றாண்டுகளாக்குவது, வைக்கோல் எரிக்கப்படலாகாது என்பதையும் அதனை மண்ணிற்கே திருப்ப வேண்டும் என்பதையும் நிபந்தனையாக எழுதுவது, அதனால் முதற்போகங்களில் ஏற்படக்கூடிய விளைச்சல் குறைவைக் காணிக்காரரும் பகிர்ந்துகொள்வது ஆகியவற்றை உள்ளடக்கிய மாதிரி ஒப்பந்தமொன்றை நமது பிரதேச உலமாக்கள், அனுபவமிக்க விவசாயிகளை அருகில் இருத்திக்கொண்டு, வரைந்து பார்க்கலாம். அந்த அமர்வில் முதலில் பேச வேண்டியவர்கள் விவசாயிகள்.